வேர்ப்பார்வையாளரின் இடது கை

வரைபடம் போட்டவர்கள் தாளில் இடம் போதாமல் விட்டுவிட்ட நாடுகள் சில உண்டு. பைந்தரை அவற்றில் ஒன்று. மேற்கே ஒரு மலை, கிழக்கே ஒரு கால்வாய், இரண்டுக்கும் நடுவே தலைநகர், தலைநகரின் நடுவே அரண்மனை, அரண்மனைக்கு எதிரே முந்நூறு முழ நீளத்துக்கு ஒரு புல்தரை. புல்தரையால் நாட்டுக்குப் பெயர் வந்ததா, பெயருக்காகப் புல்தரை போடப்பட்டதா என்று அவைப்புலவர்கள் இருநூறு ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறார்கள். முடிவு தெரிந்துவிட்டால் மானியம் நின்றுவிடும் என்பதால் நிதானமாகவே ஆராய்கிறார்கள்.

அந்த நாட்டில் யாரும் மன்னராகப் பிறப்பதில்லை. ஏழு ஆண்டுக்கு ஒருமுறை, புரட்டாசிப் பௌர்ணமியன்று காலையில், மன்னர் செருப்பில்லாமல் புல்தரையின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு நடப்பார். புல்நாள் என்று அதற்குப் பெயர். மக்கள் கயிற்றுக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். நடை முடிந்ததும் வேர்ப்பார்வையாளர் என்கிற அதிகாரி தரையின் நடுவில் மண்டியிட்டு ஒரு பிடி புல்லைப் பற்றி இழுப்பார். புல் வராமல் மண்ணைப் பிடித்துக்கொண்டு நின்றால் "வேர் இருக்கிறது" என்று உரக்கச் சொல்வார். மன்னர் இன்னும் ஏழு ஆண்டு ஆள்வார். புல் கையோடு வந்துவிட்டால் "வேர் இல்லை" என்பார். அன்று மாலைக்குள் மன்னர் அரண்மனையைக் காலி செய்ய வேண்டும். அவர் போட்ட ஆணைகள் அத்தனையும் அவரோடு சேர்ந்து போய்விடும்.

இதை ஏற்படுத்தியவர்கள் யோசித்துத்தான் செய்திருந்தார்கள். புல் மேலுக்குப் பச்சையாக இருப்பது பெரிய காரியமில்லை. தண்ணீரைத் தெளித்துக்கொண்டே இருந்தால் செத்துக்கொண்டிருக்கும் புல்கூடச் சில வாரம் பச்சையாகத் தெரியும். வேரை அப்படி ஏமாற்ற முடியாது. மண் நன்றாக இருந்தால்தான் வேர் இறங்கும்; நாடு நன்றாக இருந்தால்தான் மண் நன்றாக இருக்கும்.

மன்னர் பசுங்கோவின் காலத்தில் வேர்ப்பார்வையாளராக இருந்தவர் சேந்தன். ஐம்பத்தோரு வயது. மண்ணுக்குள் என்ன நடக்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் அவருக்குச் சாப்பாடு மறந்துபோகும். கேட்டவருக்கும் மறந்துபோக வேண்டும் என்று எதிர்பார்ப்பார். அவருடைய மனைவி இறப்பதற்கு முந்தைய வாரம்கூட, மண்புழுவுக்கு மூச்சு எந்த வழியாகப் போகிறது என்பதைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு அப்படிக் கேட்பவர்கள் வீட்டில் இல்லை. எனவே சபையில் யாராவது கேட்டால் அவருக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிடும். அவருடைய பலவீனம் அவ்வளவுதான். ஆனால் ஒரு நாட்டுக்கு அது போதுமானதாக இருந்தது.

புல்நாளுக்கு முந்தைய ஆண்டில் தரையின் தென்மூலையில் பழுப்பாக ஒரு திட்டு தெரிந்தது. சேந்தன் அங்கே புல்லைத் தூக்கிப் பார்த்தார். பாயின் ஓரத்தைத் தூக்கியதுபோல் சுருண்டு வந்தது. அடியில் பால்வெள்ளை நிறத்தில், பழுப்புத் தலையோடு, வில்லாக வளைந்த புழுக்கள். இரண்டை எடுத்துத் தேங்காய்த் தொட்டியில் போட்டுக்கொண்டு கால்வாய்க் கரையில் இருந்த எருமேட்டுக்குப் போனார்.

எருமேட்டில் எழுபது குடும்பங்கள் இருந்தன. தலைநகரின் சாணமும் சருகும் காய்கறிக் கழிவும் அங்கேதான் போகும். உரமாகித் திரும்பி வரும். அவர்களைத் தொட்ட கையைக் கழுவிக்கொள்பவர்களும் அவர்கள் உரத்தில் விளைந்த கத்தரிக்காயைக் கழுவாமல் தின்றார்கள்.

குவியலைப் புரட்டிக்கொண்டிருந்த பக்கிரி என்பவர்தான் முதலில் பார்த்தார். "பார்வையாளரு வந்துட்டாருடோய்! புழுவெல்லாம் எழுந்து நின்னு வணக்கம் சொல்லுங்க!"

"சும்மா இருங்க மாமா" என்று சொல்லிக்கொண்டே காத்தாயி வந்தாள். நாற்பது வயதுக்காரி; எருமேட்டின் குவியல்கள் அவள் சொல்படிதான் புரண்டன. தொட்டிக்குள் பார்த்தாள். "இது வேர்ப்புழு. எங்க அய்யா புடிச்சீங்க?"

"அரண்மனைத் தரையில்."

"அடேயப்பா. நல்ல இடமாத்தான் பாத்து வந்திருக்கு." முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு குவியலின் ஓரத்தைக் கிளறி எதையோ எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். அதே புழுதான். ஆனால் விறைத்துக் கட்டையாகி, உடம்பு முழுக்கப் பச்சை மாவு பூசியது போல் இருந்தது. "மக்குன எருவுல ஒரு பூசணம் வளருதுங்க. அது புழு மேல ஒட்டுச்சுன்னா தோலத் தொளச்சு உள்ள எறங்கிடும். புழு செத்து, இப்படிப் பச்சையாயி, பக்கத்துல உள்ளதுக்கும் பரவிடும். மனுசனுக்கு ஒண்ணும் பண்ணாது. ஈரம் இருக்கறப்பத்தான் வேலை செய்யும். வெயில் பட்டா பூசணம் செத்துரும்."

சேந்தன் அந்தப் பச்சைப் புழுவை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாழ்க்கையில் இவ்வளவு அழகான பிணத்தை அவர் பார்த்ததில்லை. இருட்டும்வரை உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார்.

சித்திரையில் முதல் மழை பெய்வதற்கு நான்கு நாள் முன்பு மன்னர் சபையைக் கூட்டினார். சேந்தன் சுண்ணக்கட்டியால் தரையில் படம் வரைந்து விளக்கினார்.

"முதல் மழை பெய்ததும், பொழுது சாயும் நேரத்தில், வண்டு மண்ணிலிருந்து வெளியே வரும். புளியங்கொட்டை அளவுதான். வேம்பிலும் முருங்கையிலும் உட்கார்ந்து இலையைத் தின்னும், இணை சேரும். விடிவதற்குள் திரும்பவும் மண்ணுக்குள் போய் முட்டையிடும். அந்த முட்டையிலிருந்து வருவதுதான் வேரைத் தின்கிற புழு. ஆகவே வண்டை மரத்திலேயே பிடித்துவிட வேண்டும். பத்து நாள் மாலையில் கிளையை உலுக்கினால் செத்ததுபோல் பொத்துப்பொத்தென்று விழும். சவுக்காரம் கரைத்த தண்ணீரில் அள்ளிப் போட்டால் முடிந்தது. தப்பிப் போனவற்றுக்குத் தரையின் எல்லைக்கு வெளியே விளக்கு வைத்து, விளக்கின் கீழே அதே தண்ணீரைத் தொட்டியில் வைக்கலாம். வெளிச்சத்துக்கு வந்து மோதி உள்ளே விழும்."

"அற்புதம்" என்றார் மன்னர். சேந்தனுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது.

"இன்னொன்று, மன்னா. வண்டு ஈரமண்ணில்தான் முட்டையிடும். முட்டை கடுகளவு இருக்கும். மண்ணின் ஈரத்தைக் குடித்துத்தான் பருக்கும். காய்ந்த மண்ணில் சுருங்கிப் போகும். அதனால் மூன்று வாரம் புல்தரைக்குத் தண்ணீர் விடக்கூடாது. புல்லை ஒட்ட வெட்டாமல் நாலு விரல் உயரம் விட வேண்டும். மைனாவும் தேரையும் வந்தால் விரட்டக்கூடாது. பிறகு எருமேட்டின் மக்கிய உரத்தைப் போட்டுவிட்டால்—"

"ஒரு ஐயம்" என்று எழுந்தார் பேரமைச்சர் மதிவாணர். "தண்ணீர் விடாவிட்டால் புல்லின் நிறம் யாதாகும்?"

"கொஞ்சம் மஞ்சளாகும். அப்புறம் மழையில் தேறிவிடும்."

"மஞ்சள்" என்றார் மதிவாணர், சபையில் சொல்லத் தகாத சொல்லைச் சொல்ல நேர்ந்த வருத்தத்தோடு. "மன்னர் பசுங்கோவின் ஆட்சியில் புல் தாகமெடுத்து நின்றது என்று நாளைய வரலாறு எழுதுமேயானால், அந்த வரலாற்றை நாம் எப்படித் திருத்துவது? திருத்தலாம், ஆனால் வீண் வேலை."

மறுநாள் முதல் ஆணை வந்தது. புல்தரைக்கு இரு மடங்கு நீர் பாய்ச்சப்படும். அதற்காகக் குடிமக்களின் கிணறுகளுக்கு மூன்று வாரம் மூடி போட்டு முத்திரை வைக்கப்படும். தாகம் எடுப்பவர்கள் தேசத்தின் பசுமையை நினைத்துக்கொள்ளலாம். வேம்பும் முருங்கையும் அரண்மனைச் சொத்து ஆதலால் அவற்றை உலுக்குவது ராஜதுரோகம். விளக்கு வைக்கும் யோசனை மட்டும் ஏற்கப்பட்டது.

இத்தனை யோசனைகளில் ஒன்றையாவது எடுத்துக்கொண்டார்களே என்று சேந்தன் மனத்தைத் தேற்றிக்கொண்டார். அலங்கார அமைச்சர் அணிமலர் விளக்குகளைத் தரையின் எல்லையில் வைக்கவில்லை. நடுவில், மன்னரின் சிலையைச் சுற்றி வைத்தார். நாற்பது விளக்குகள். கீழே தொட்டி இல்லை.

"அம்மணி, தொட்டி வைக்காவிட்டால் வண்டு விழுவதற்கு இடமில்லையே" என்றார் சேந்தன்.

"சவுக்காரத் தண்ணீரை மன்னரின் காலடியில் வைக்கச் சொல்கிறீர்களா, பார்வையாளரே? பார்ப்பவர்கள் மன்னர் துணி துவைக்கிறார் என்றல்லவா நினைப்பார்கள்?"

சேந்தன் விளக்குகளை எண்ணிவிட்டு வீட்டுக்குப் போனார். பதில் சொல்லியிருக்கலாம். அரண்மனை விளக்குகள் இன்னும் எடுப்பாகத் தெரிய வேண்டும் என்று ஊரில் எல்லா வீடுகளிலும் பொழுது சாய்ந்ததும் விளக்கணைக்க உத்தரவானது. மக்கள் இருட்டில் கையால் தடவிச் சோறு தின்றார்கள்; தண்ணீரும் இல்லாததால் அந்தக் கையைத் துடைத்துக்கொண்டு படுத்தார்கள்.

வண்டுகளுக்கு ஆணை எழுதத் தெரியாது, படிக்கவும் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் இரண்டுதான்: வெளிச்சம் இருக்கும் பக்கம் போக வேண்டும், ஈரமான மண்ணில் முட்டையிட வேண்டும். நாடு முழுக்க இருட்டு, ஒரே இடத்தில் வெளிச்சம். நாடு முழுக்க வறட்சி, ஒரே இடத்தில் ஈரம். மேற்கு மலையடிவாரத்து வண்டுகூட அந்தச் சித்திரையில் தலைநகருக்கு வந்துசேர்ந்தது. அணிமலர் அதைப் பார்த்துவிட்டு, மன்னரின் சிலையைக் காண வண்டினங்களும் திரண்டு வருகின்றன என்று கல்வெட்டு வைத்தார்.

ஆடி மாதத்தில் மைனாக்கள் வந்தன. புல்தரையில் குதித்துக் குதித்து நடந்து, தலையைச் சாய்த்துக் கேட்டு, அலகால் மண்ணைக் கொத்திப் புழுவை உருவித் தின்றன. மாலையில் தேரைகள். மைனா கொத்துகிற இடத்தில் புழு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு சதுர முழத்தில் எத்தனை ஓட்டை என்று எண்ணினால் அடியில் எவ்வளவு நோய் என்று சொல்லிவிடலாம். சேந்தன் எண்ணினார். எண்ணி முடிப்பதற்குள் இருட்டிவிட்டது.

இந்தக் கணக்கை அவர் சபையில் சொன்னபோது மதிவாணர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். "ஆகவே, புல்தரையில் குற்றம் இருப்பதாக ஊருக்கு அறிவிப்பவை மைனாக்கள்."

"அறிவிப்பதற்காக அல்ல ஐயா, தின்பதற்காக—"

"நோக்கம் எதுவாயினும் விளைவு அதுவே."

தோண்டுவோர் தடைச் சட்டம் அப்படித்தான் வந்தது. புல்தரையை மண்வெட்டியாலோ விரலாலோ அலகாலோ தோண்டுபவர் தேசத்தின் மேற்பரப்பை அவமதித்தவர் ஆவர். மைனாக்களை வலைபோட்டுப் பிடித்து மலைக்கு அப்பால் விட்டார்கள். தேரைகள் மாலையில் கூட்டாகக் குரல் எழுப்புவது கோஷத்தை ஒத்திருப்பதாகக் காவல்துறை அறிக்கை கொடுத்ததால், பானையில் அடைத்து அவற்றையும் கொண்டுபோனார்கள். மைனா இல்லாத ஊரில் கத்தரியிலும் அவரையிலும் புழு ஏறியது. குடியானவர்கள் மனு எழுதினார்கள். அதைப் படித்த எழுத்தர், கத்தரி தேசத்தின் மேற்பரப்பில் சேராது என்று பதில் எழுதினார்.

ஆவணியில் பழுப்புத் திட்டுகள் ஏழாகிவிட்டன. அவற்றின் மேல் பச்சைச் சாயம் தெளித்தார்கள். ஆனால் புல்நாளுக்கு நாற்பத்தைந்து நாள்தான் இருந்தது. மன்னர் பசுங்கோ சபையில் தளர்ந்த குரலில் கேட்டார்: "இந்தப் புழு எங்கிருந்துதான் வந்தது, சேந்தரே?"

நல்ல கேள்வி. நேர்மையான கேள்வி. சேந்தன் எப்போதும்போல் மகிழ்ந்துபோனார். "வண்டு மெத்தென்ற மண்ணில் எங்கும் முட்டையிடும், மன்னா. தோட்டம், வயல், அரைகுறையாக மக்கிய எருக்குவியல்—"

"எருக்குவியல்" என்றார் மதிவாணர். எழுத்தரின் பேனா நகரும் சத்தம் கேட்டது.

அடுத்த வாக்கியம் சேந்தனின் நாக்கில் தயாராக இருந்தது. எருமேட்டுக் குவியலை வாராவாரம் புரட்டுகிறார்கள், உள்ளே கை வைக்க முடியாத சூடு இருக்கும், முட்டை வெந்துபோகும், தப்பியதைப் பச்சைப் பூசணம் தின்னும், நாட்டில் புழுவே இல்லாத இடம் ஒன்று உண்டென்றால் அது எருமேடுதான். அவ்வளவும் சொல்லக் கால் நாழிகை போதும். இதைவிட நீளமான விளக்கங்களை அந்தச் சபையில் அவர் சொல்லியிருக்கிறார். மன்னர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அணிமலர் புன்னகைத்தார். யாரோ ஒருவர், "கடைசியில் காரணம் கிடைத்தது" என்று நிம்மதியாகப் பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சைக் கெடுக்க சேந்தனுக்குத் தைரியம் வரவில்லை. சுண்ணக்கட்டியைத் துணியில் சுற்றினார். சுற்ற வேண்டிய அவசியமே இல்லை. இன்னும் படம் வரைய வேண்டியிருந்தது.

ஆணையின் முதல் வரியே அவர் பெயரில் இருந்தது: வேர்ப்பார்வையாளர் சேந்தன் சபையில் அறிவியல்பூர்வமாக நிறுவியபடி, புழுவின் பிறப்பிடம் எருமேடு. எழுபது குடும்பங்களும் மூன்று நாளுக்குள் கால்வாயைக் கடந்து எல்லைக்கு அப்பால் போக வேண்டும். எருமேட்டு உரத்தை வைத்திருப்பது குற்றம்.

அன்று மாலையே காத்தாயி அவர் வீட்டு வாசலுக்கு வந்தாள். உள்ளே வரச் சொன்னார், வரவில்லை.

"ஆணைய வாசிச்சாங்க அய்யா. உங்க பேரு முன்னாடி வந்துச்சு."

"நான் அப்படிச் சொல்லவில்லை, காத்தாயி. பாதி வாக்கியத்தை எடுத்துக்கொண்டார்கள்."

"மீதி?"

சேந்தன் வாசற்படியைப் பார்த்தார்.

"மீதியச் சொன்னீங்களா இல்லியா?"

"சொல்ல விடவில்லை."

"வாயப் பொத்துனாங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை என்று அவருக்கு இருந்தது.

"சரி. இன்னும் ஒண்ணு இருக்குல்ல" என்றாள். "புல்நாளு. நீங்க இழுத்துப் பாத்து உள்ளதச் சொன்னா ராசா எறங்கிடுவாரு, எங்க மேல போட்ட ஆணையும் எறங்கிடும். அதானே சட்டம்?"

"அதுதான் சட்டம்."

"அப்ப நாங்க தூரமாப் போகல. கால்வாய்க்கு அந்தப் பக்கம் கரையிலயே குடிசை போட்டு இருக்கோம். நாப்பது நாளுதானே. முரசு அடிச்சா வேரு இருக்குன்னு அர்த்தம். அடிக்கலன்னா திரும்பி வந்துருவோம். காதத் தீட்டிக்கிட்டு உக்காந்திருப்போம்." புறப்பட்டவள் திரும்பி, வாசலோரம் மூடி வைத்திருந்த கூடையைச் சுட்டினாள். "இது பச்சப் பூசண எரு. மேகம் மூடின நாளாப் பாத்துப் புல்லுல தூவி, மண்ணு நனையறாப்ல தண்ணி விடுங்க. முழுசாத் தேறாது. ஆனா புழு சாகும். பொழச்ச இடத்துல வேரு எறங்கும்."

சேந்தனுக்குக் குழப்பமாக இருந்தது. "புல் தேறினால் மன்னர் இறங்க மாட்டார். உங்களுக்குத்தானே அது கெடுதல்?"

"புல்லு எங்களை என்னங்க பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டுப் போனாள்.

மூன்றாம் நாள் அவர்கள் போனார்கள். கூடையை அரண்மனைத் தரைக்குக் கொண்டுபோனால் வழியிலேயே பிடிப்பார்கள். சேந்தன் நான்கு நாள் யோசித்தார். ஐந்தாம் நாள் மேகம் மூடியது. கதவைத் தாழிட்டுவிட்டு, தன் வீட்டுக் கொல்லைப்புறத்தில் இருந்த பத்தடிப் புல்லில் அந்த எருவைத் தூவித் தண்ணீர் விட்டார். அவள் சொன்னதை ஒன்றுவிடாமல் செய்தார். புரட்டாசி பிறந்தபோது பைந்தரையில் இழுத்தால் வராத புல் அந்த ஒரு கொல்லையில் மட்டும் இருந்தது. தினமும் காலையில் அதைப் பிடித்து இழுத்துப் பார்ப்பார். விளக்கம் முழுக்க முழுக்கச் சரி என்று அது ஒவ்வொரு நாளும் அவருக்கு நிரூபித்தது. அந்தக் கையால்தான் பிறகு சோறு தின்றார்.

எரு வராததால் வயல்கள் வெளுத்தன. தலைநகரின் சாணமும் குப்பையும் தெருமுனைகளில் குவிந்து, யாரும் புரட்டாமல் அரைகுறையாக மக்கின. அவற்றில் இப்போது உண்மையிலேயே புழு இருந்தது. ஆணை கடைசியில் மெய்யாகிவிட்டதில் மதிவாணருக்குத் திருப்தி.

புல்நாளுக்கு முதல் நாள் மதிவாணர் சேந்தனை அழைத்தார். மிரட்டவில்லை. ஏலக்காய் போட்ட பால் கொடுத்தார்.

"பார்வையாளரே, நாளை உங்கள் மனசாட்சிப்படி சொல்லுங்கள். உங்கள் பதவி சுதந்திரமானது. அதில் நாங்கள் தலையிட்டதே இல்லை. ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். வேர் இல்லை என்பீர்களாயின், ஏன் இல்லை என்று மக்கள் கேட்பார்கள். தண்ணீர் விட்டது யார் யோசனை? விளக்கு வைத்தது யார் யோசனை? எருமேட்டை அனுப்பியது எந்த அறிஞரின் வாக்கு? ஆவணங்களில் எல்லாம் ஒரே பெயர்தான் இருக்கிறது." கோப்பையை எடுத்து அவர் கையில் வைத்தார். "ஆறிவிடும், குடியுங்கள்."

சேந்தன் குடித்தார். இனிப்பாக இருந்தது என்பதுதான் அவருக்குப் பிறகு நினைத்தபோதெல்லாம் தாங்கவில்லை.

மறுநாள் காலை வெயில் நன்றாக ஏறியிருந்தது. கயிற்றுக்கு வெளியே தலைநகரே நின்றது. மன்னர் பசுங்கோ நடந்தார். கால் விரல்களை மண்ணில் ஊன்றி, பாசி படிந்த படிக்கட்டில் இறங்குபவர்போல் நடந்தார். நடுவில் வந்ததும் சேந்தனின் அருகே நின்று, உதடு அசையாமல் கேட்டார்: "சேந்தரே, கால் நழுவுகிறதே."

"பனி, மன்னா."

"பனியா" என்றார் மன்னர். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. "நல்லது" என்றுவிட்டு மேலே நடந்தார்.

சேந்தன் மண்டியிட்டார். முழங்கால் பட்ட இடத்தில் தரை பாய்போல் அரை விரல் நகர்ந்தது. அடியில் எத்தனை புழு இருக்கும் என்று கணக்குப் போட்டார். அந்த நேரத்திலும் கணக்குப் போட்டார். கால்வாய் அங்கிருந்து கூப்பிடு தூரம்தான். காற்று மேற்கிலிருந்து அந்தப் பக்கமாக வீசிக்கொண்டிருந்தது.

புல்லை இழுத்துப் பார்ப்பதில் ஒரு நுட்பம் உண்டு. வலது கையால் பற்றி, இடது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்ள வேண்டும். நூற்றாண்டுகளாக அப்படித்தான். இடது உள்ளங்கையைப் புல்லின் அடியைச் சுற்றி மண்ணில் அழுத்திக்கொண்டு இழுத்தால், வேரே இல்லாத புல்லும் அசையாது. அழுத்துகிற கைதான் அதற்கு வேர். முன்னோர்கள் இடது கையைப் பின்னால் வைக்கச் சொன்னது அதனால்தான். இதை விளக்கிச் சொன்னால் யாருக்கும் புரியும். இதுவரை யாரும் கேட்டதில்லை.

சேந்தனின் இடது கை முதுகிலிருந்து முன்னால் வந்தது. மண்ணில் பதிந்தது. உள்ளங்கையின் கீழ் ஏதோ மெதுவாக நெளிந்தது. வலது கை இழுத்தது. புல் வரவில்லை.

"வேர் இருக்கிறது" என்றார். தன் குரல் இவ்வளவு தெளிவாக ஒலிக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

முரசுக்கு முன்னால் ஒரு சடங்கு உண்டு. கட்டியக்காரர் கயிற்றின் பக்கம் திரும்பி மூன்று முறை கேட்பார்: "குடிமக்களில் வேறு யாரேனும் இழுத்துப் பார்க்க வேண்டுமா?" சட்டப்படி யாரும் கயிற்றைத் தாண்டி வரலாம். முழங்கால் உயரத்துக் கயிறுதான். ஒவ்வொரு புல்நாளிலும் எருமேட்டிலிருந்து ஒருவர் வந்து இழுத்துவிட்டுப் போவார்; போன முறை வந்தவர் பக்கிரி. மண்ணில் கைவைக்கக் கூசாதவர்கள் அவர்கள்தான் என்று கூட்டம் சிரிக்கும்.

"வேறு யாரேனும் இழுத்துப் பார்க்க வேண்டுமா?"

முன்வரிசையில் இருந்த கத்தரித் தோட்டக்காரர் ஒருவரின் கண்கள் சேந்தனின் இடது கையின்மேல் இருந்தன. அந்தக் கை இன்னும் மண்ணிலேயே இருந்தது. தோட்டக்காரரின் மனைவி அவர் மேல்துண்டை இழுத்தாள். "உங்களுக்கு எதுக்கு?" என்று அவள் கிசுகிசுத்தது சேந்தனுக்குக் கேட்டது.

கட்டியக்காரர் இரண்டாம் முறை கேட்டார். தாண்டி வாருங்கள் என்று சேந்தன் மனத்துக்குள் கெஞ்சினார். யாராவது ஒருவர். நான் கையை எடுத்துவிடுகிறேன். நீங்கள் காலை எடுத்து இந்தப் பக்கம் வைத்தால் போதும், நான் எடுத்துவிடுகிறேன்.

மூன்றாம் முறையும் கேட்டார். அத்தனை பேரும் வானத்தையும் சிலையையும் தங்கள் பிள்ளைகளின் தலையையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முரசு ஒலித்தது. காற்று கிழக்கே ஏந்திக்கொண்டு போகும் அளவுக்குப் பெரிய சத்தம். கால்வாய்க் கரையிலிருந்து பதிலுக்கு எந்தச் சத்தமும் வரவில்லை.

முரசு ஓய்ந்ததும் கயிற்றை அவிழ்ப்பார்கள். பைந்தரையின் மக்களுக்கு ஏழு ஆண்டுக்கு ஒருமுறை கிடைக்கும் சந்தோஷம் அது. அந்த ஒரு நாள் யார் வேண்டுமானாலும் அரண்மனைப் புல்லில் நடக்கலாம், உட்காரலாம், கட்டுச்சோறு பிரிக்கலாம். குழந்தைகள் உருண்டு விளையாடுவார்கள். அன்றும் காவலர்கள் கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினார்கள். யாரும் தடுக்கவில்லை, எந்த ஆணையும் இல்லை.

ஒருவரும் புல்லில் கால் வைக்கவில்லை. ஓடப்போன பிள்ளைகளைத் தாய்மார் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். எதிர்ப்பக்கம் வீடு உள்ளவர்கள்கூட, முந்நூறு முழத்தையும் ஓரமாகவே சுற்றிக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், வரிசையாகப் போனார்கள்.

கடைசியாக சேந்தன் எழுந்தார். அவர் தரையின் நடுவில் இருந்தார். சுற்றிப் போக அவருக்கு வழி இல்லை.